பழைய காரில் டர்போ எஞ்சின் ஏற்ற மவுண்ட் அளவு வேண்டும் – அவசரம்

கடலோரம்65
வணக்கம். அப்பாவின் பழைய கார் எட்டு வருடமாக வீட்டில் நிற்கிறது, எஞ்சின் ஜாம். மதுரையில் ஒரு டர்போ எஞ்சின் மலிவாகக் கிடைத்தது, வாங்கியாச்சு. திண்ணையில் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெல்டர் வருகிறார். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் எங்கே வைப்பது என்று அளவு இருந்தால் உடனே போடவும். டர்போவுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

லேத்து மாமா
என்ன கார்? என்ன எஞ்சின்? பெட்ரோலா, டீசலா?

மண்டபம் டீசல்
கியர்பாக்ஸும் சேர்ந்து வந்ததா? ஒயரிங், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி (ஈசியூ)?

பழைய இரும்பு
மருந்துக் கடையில் போய் “வலிக்கிறது, மாத்திரை கொடு” என்பவரை இப்போதுதான் பார்க்கிறேன். காரின் பெயரைக்கூடச் சொல்லாமல் அளவு கேட்கிறார். வெல்டருக்கு மட்டும் நாள் குறித்தாகிவிட்டது.

கடலோரம்65
ஸாரி, அவசரத்தில் விட்டுவிட்டேன். பழைய ஃபியட்தான், ப்ரீமியர் பத்மினி, 84 மாடல். எஞ்சின் ஸ்விஃப்ட் டீசல் 1.3. ஈசியூ இருக்கிறது, ஒயரைப் பாதியில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சாவி கிடையாது. கியர்பாக்ஸ் இல்லை, பத்மினியுடையதே போதும் அல்லவா?

ராம்நாட் ஃபியட்
அருமை! அந்த 1248 சிசி மல்டிஜெட் ஃபியட் வடிவமைத்ததுதான் தம்பி, மாருதி உரிமம் வாங்கிச் செய்தது. ஃபியட் வண்டிக்கு ஃபியட் எஞ்சின். தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி உட்காரும்.

லேத்து மாமா
உட்காராது அண்ணே. ஸ்விஃப்டில் அது குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டியது. பத்மினியில் நெடுக்காக நின்று பின்சக்கரத்தை ஓட்ட வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கில் போல்ட் துளை ஒன்றுகூடப் பொருந்தாது. அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், கிளட்ச் புதிதாக அமைக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி (சம்ப்) முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மவுண்ட் பேச்சே. அப்புறம், பழைய எஞ்சின் நாற்பது குதிரைத் திறன். இது 75, டார்க் 190 நியூட்டன் மீட்டர். பத்மினி கியர்பாக்ஸும் பின் அச்சின் கிரவுன் பல்சக்கரமும் எத்தனை நாள் தாங்கும்? நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வேறு.

மண்டபம் டீசல்
நாங்கள் லாரி எஞ்சினைப் படகில் இறக்குகிறவர்கள், எதையும் எதிலும் ஏற்றலாம். ஷாஃப்ட் நேர்தான் முக்கியம். ஷாஃப்டை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு நாலு பக்கமும் பார்ப்போம். ஒரு பக்கம் இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் லூஸாகவும் இருந்தால் மவுண்டுக்கு அடியில் தகடு வைப்போம். காரின் ஷாஃப்டில் மடங்கும் ஜாயிண்ட் இருப்பதால் கொஞ்சம் கோணம் தாங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

டர்போவைப் பற்றிக் கேட்டீர்கள். அதன் பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு போகும், திரும்புவது தன் கனத்தில்தான். திரும்பும் குழாய் சம்ப் வரை சரிவாக இறங்க வேண்டும். எஞ்சினைச் சாய்த்து வைத்து அந்தச் சரிவு போய்விட்டால் ஆயில் தேங்கி, சீல் தாண்டி, வெள்ளை வெள்ளையாகப் புகை வரும். டர்போ போச்சு என்று கழற்றுவீர்கள், அதில் ஒரு குறையும் இருக்காது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை கிரில்லுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

சாவி இல்லாத ஈசியூவில் திருட்டுத் தடுப்பு (இம்மொபிலைசர்) ஸ்டார்ட் ஆக விடாது. அந்த ஸ்விஃப்டின் சாவி, முழு ஒயரிங், ஆக்சிலேட்டர் பெடல், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள்.

பழைய இரும்பு
யாரும் ஆர்சியைப் பற்றிப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படியுங்கள். அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்றக் கூடாது. இதில் பெட்ரோல் வண்டி டீசலாகவும் ஆகிறது. இன்னொன்று, 50 வருடம் ஆன வண்டிக்கு விண்டேஜ் பதிவு 2021-இல் வந்தது. உங்களுடையதற்கு 2034-இல் வயது வரும். எஞ்சினையும் பாடியையும் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தக் கதவும் சாத்தப்படும். இந்த ஆசைக்கு ஹெரால்டு கார் வாங்கியிருக்க வேண்டும். அதற்குத் தனி சேஸிஸ், பானட்டே முன்பக்கமாக முழுதாகச் சாயும். பத்மினிக்கு பாடிதான் சேஸிஸ்.

உப்பளத்தான்
அதைத்தான் கேட்க வந்தேன். கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? எட்டு வருடம் உப்புக்காற்று என்றால் எஞ்சினை விடுங்கள், காரின் தரை இருக்கிறதா? கால் விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பேட்டரி தட்டு, பின்பட்டை (ஸ்பிரிங்) மாட்டும் இடம், ஜாக்கி வைக்கும் இடம். வெல்டர் வருவதற்கு முன்னால்.

ராம்நாட் ஃபியட்
அடியில் வேஸ்ட் ஆயில் அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. என் வண்டிக்கு வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் அடிக்கிறேன்.

லேத்து மாமா
வேஸ்ட் ஆயில் புஷ் ரப்பரை ஊத வைக்கும். மண் ஒட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதற்குக் கீழேதான் துரு.

ராம்நாட் ஃபியட்
எங்கள் தாத்தா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார். நாற்பது வருடம் ஓடியது.

உப்பளத்தான்
அது மரம் அண்ணே.

ராம்நாட் ஃபியட்
ஆணி இரும்புதானே?

மண்டபம் டீசல்
நாற்பது வருடத்தில் எத்தனை முறை ஆணி மாற்றினார் என்று தாத்தாவைக் கேட்டீர்களா?

பழைய இரும்பு
இழை வழக்கம்போல மீன் சந்தைக்குப் போய்விட்டது. கேட்டவர் எங்கே?

ராம்நாட் ஃபியட்
மீன் சந்தை என்றால் இளப்பமா? அங்கே வாங்கித்தானே சாப்பிடுகிறீர்கள்?

கடலோரம்65
மன்னிக்கவும், இரண்டு நாள் வரமுடியவில்லை. கடலுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும். குத்திப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் போய்விட்டது, கீழே மணல் தெரிகிறது. பின்பட்டை ஹேங்கரைத் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. வெல்டர் வந்தார், தரைக்கு மட்டும் தகடு வெட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் அப்படியே இருக்கிறது.

லேத்து மாமா
நல்லது. தகடு எத்தனை கேஜ்? ஹேங்கருக்கு மெல்லிய தகடு வைக்க விடாதீர்கள். பழைய எஞ்சின் ஜாம் என்றீர்களே, பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்துப் பார்த்தீர்களா?

மண்டபம் டீசல்
திண்ணையில் இருப்பதற்கு இன்டேக் வாயையும் டர்போ வாயையும் துணி வைத்து அடையுங்கள். சாக்கு போதாது, அதே காற்றுதான் அதற்கும்.

உப்பளத்தான்
அந்த டர்போ எஞ்சினைக் கொடுப்பதாக இருந்தால் தனியே சொல்லுங்கள் தம்பி. என் ஸ்விஃப்டுக்கு ஒன்று தேவைப்படுகிறது.