குளிர்நாட்டில் ஏடிவி: பனி தள்ள, விறகு இழுக்க எதை மாற்றலாம்?

கேள்வி:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். குடும்பத்தோடு இங்கே வந்து எங்களுக்கு இதுதான் முதல் பனிக்காலம். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வேலை, வீடும் அங்கேயே. வாசலிலிருந்து சாலை வரை நீளமான சரளைப் பாதை. முதலாளி ஒரு பழைய 500 சிசி ஏடிவியை (காடு மேட்டில் ஓடும் நான்கு சக்கர பைக்) காட்டி, பனி தள்ளவும் காட்டிலிருந்து விறகு இழுத்து வரவும் இதைத் தயார் செய்துகொள், பாகங்களுக்கு நான் பணம் தருகிறேன் என்கிறார். வீடியோக்களில் எல்லோரும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டாங்கியில் இருப்பதுபோன்ற ரப்பர் ட்ராக் மாட்டுகிறார்கள். அதிலிருந்து தொடங்கலாமா?

பதில்:

தம்பி, ட்ராக்கைக் கடைசிக்கு வையுங்கள். அது தேவைப்படாமலேயே போகலாம். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகிறதா, பனிக்கட்டியில் பிடித்து நிற்கிறதா, இறக்கத்தில் சுமையோடு சொன்னபடி கேட்கிறதா? முதலில் இந்த மூன்றையும் முடியுங்கள். வீடியோக்காரர்கள் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டுவதைப் படம் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் யார் பார்ப்பது?

பேட்டரி: மைனஸ் 18 டிகிரி வாக்கில் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே குளிரில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டருக்கு வேலை கூடும். பேட்டரி பழையது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் இருந்தால், நிரம்பியதும் தானே அடங்கிக்கொள்கிற சிறிய சார்ஜரை இரவெல்லாம் மாட்டிவைக்கலாம். ஆயிலைக் கையேட்டைப் பார்த்துக் குளிருக்கான கிரேடுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ என்று தொடங்கும் சிந்தெடிக்தான் இருக்கும். ஸ்டார்ட் செய்து சில நிமிடம் சூடாக விட வேண்டும், ஆனால் கதவு மூடிய கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர் உள்ளே வருகிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

மின்சாரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பனி தள்ளும்போது வண்டி மெதுவாக ஓடும், எஞ்சின் சுற்று குறைவு, அதனால் சார்ஜிங்கும் குறைவு. அந்த நேரத்தில்தான் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின் மோட்டார்) முன்னால் மாட்டிய பனி தள்ளும் பிளேடை நிமிடத்துக்கு நிமிடம் தூக்கி இறக்கும், கைப்பிடி ஹீட்டரும் கூடுதல் விளக்குகளும் எரியும். வரவு கொஞ்சம், செலவு அதிகம். வேலை முடியும்போது பேட்டரி காலியாகி, மறுநாள் காலை "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் வரும். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டாதீர்கள், ஒரு சிறிய வோல்ட் மீட்டரையும் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு பற்றி ஒன்று: எல்ஈடி மின்சாரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் சூடு இல்லாததால் முகப்பில் ஒட்டும் பனி உருகாது. அடிக்கடி கையால் துடைக்க வேண்டும்.

பிடிப்பு: செயின்தான் செலவுக்கு ஏற்ற வழி. டயர் அளவுக்குச் சரியான செயினாக வாங்குங்கள். பனிக்கட்டியில் கடிப்பதற்கு குறுக்குச் சங்கிலியில் வி வடிவக் கூர் வைத்ததே மேல். முடிந்தால் நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். பின்னால் மட்டும் போட்டால் தள்ளுகிற பலம் வரும், ஆனால் வழுக்கும் இறக்கத்தில் முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேராகவே போகும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, செயின் பிரேக் ஹோஸிலோ சஸ்பென்ஷனிலோ உரசுகிறதா என்று பாருங்கள். சில நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

இனி பிளேடு. அகலத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏடிவியின் அகலமே 48 அங்குலம் பக்கம் இருக்கும். 60 அங்குல பிளேடை 30 டிகிரி சாய்த்தால் அது வழித்து விடுவது 52 அங்குலம்தான். 50 அங்குல பிளேடைச் சாய்த்தால் உங்கள் சக்கரமே தள்ளாத பனியின் மேல் ஏறும். உங்கள் வண்டிக்கு 60 போதும். அதற்கு மேல் போனால் கனமான ஈரப் பனியை வண்டியால் தள்ள முடியாது. பொருத்தும் சட்டம் வண்டியின் நடு அடிப்பகுதியில் பிடிப்பதாக இருந்தால் தள்ளும் விசை சேஸிஸில் பரவும். முன்னால் மட்டும் பிடிப்பது மாட்டிக் கழற்ற எளிது, பிளேடும் உயரத் தூக்கும். கல் முட்டினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்பிரிங் எந்த வகையிலும் இருந்தே ஆக வேண்டும்.

வின்ச்சில் நீளமான ஸ்டீல் கயிற்றை வைத்துப் பிளேடு தூக்காதீர்கள். ஒரே ஒரு அடி தூரம் ஆயிரம் முறை சுற்றி அவிழ்வதால் அந்த இடத்திலேயே நைந்து அறும். பிளேடுக்கென்று விற்கும் குட்டைப் பட்டையோ தடித்த சிந்தெடிக் கயிறோ போடுங்கள். பிளேடின் மேல்விளிம்பில் ஒரு ரப்பர் மடிப்பு மாட்டினால் பனித்தூள் ரேடியேட்டரிலும் உங்கள் முகத்திலும் வந்து விழாது. முன்பக்கம் கனம் கூடுவதால் முன் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி, பின் ரேக்கில் ஒரு மணல் மூட்டையைக் கட்டுங்கள்.

சரளைப் பாதை என்றீர்கள். அதற்குத் தனிப் பக்குவம் உண்டு. தரை உறையும் முன் பிளேடைத் தரையோடு வைத்துத் தள்ளினால் பனியோடு சரளையும் புல்தரைக்குப் போகும், வசந்தத்தில் உட்கார்ந்து பொறுக்கலாம். பிளேடின் அடியிலுள்ள காலணித் தட்டுகளை இறக்கி, தரைக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி வையுங்கள். முதல் பனியை வண்டியாலேயே மிதித்து உறையவிட்டால் அதுவே தளமாகிவிடும். பாதையின் இரண்டு ஓரத்திலும் கம்பு நட்டுவிடுங்கள், பனி மூடிய பின் எது பாதை எது பள்ளம் என்று தெரியாது. முக்கியமாக, அந்தத் தளத்துக்கு மேல் விழும் ஆரம்பப் பனியைத் தேவைக்கு மேல் தூரமாகத் தள்ளுங்கள். ஓரத்தில் குவிந்தது கல்லாக உறைந்துவிடும், பிறகு நகராது. தை மாதத்தில் உங்கள் பாதை பாதி அகலமாகியிருக்கும்.

பெல்ட் டிரைவ் வண்டியா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். அப்படியானால் தள்ளுவதும் இழுப்பதும் எப்போதும் லோ கியரில். ஹை கியரில் மெதுவாக முக்கவிட்டால் பெல்ட் வழுக்கிக் கருகும், வாசனை வந்துவிட்டால் பாதி ஆயுள் போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விறகு: பின்னால் ஸ்லெட்டை (பனியில் வழுக்கி வரும் சக்கரமில்லா இழுவண்டி) கட்டினால் கயிறு வேண்டாம், விறைப்பான இழுவைக் கம்பி வேண்டும். கயிற்றில் கட்டிய ஸ்லெட் ஏற்றத்தில் சமர்த்தாக வரும், இறக்கத்தில் உங்கள் முதுகை முந்தப் பார்க்கும். இந்த அளவு வண்டிகளின் இழுவை வரம்பு பொதுவாக 400 முதல் 600 கிலோ வாக்கில் இருக்கும். உங்களுடையதைக் கையேட்டில் பார்த்து, வழுக்கும் சரிவுக்கு அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய கடின மரம் ஒரு கன மீட்டர் அடுக்கினாலே அரை டன்னைத் தாண்டும். ஸ்லெட்டுக்குப் பிரேக் கிடையாது, எல்லாவற்றையும் நிறுத்துவது உங்கள் நான்கு சக்கரம்தான். இறக்கம் தொடங்கும் முன்பே லோவுக்கு மாற்றி, எஞ்சின் பிடிப்பில் இறங்குங்கள். நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

நிறுத்தி வைப்பதற்கு முன் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சில அடி ஓட்டினால் அதிலுள்ள ஈரம் காயும். இல்லாவிட்டால் காலையில் பேட் டிஸ்க்கோடு உறைந்திருக்கும். ஓட்டத் தொடங்கும் முன் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) அழுத்தி விட்டுப் பாருங்கள், தானே "டக்" என்று திரும்ப வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்தால் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். அப்படி ஆனால் உடனே எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச், அது எங்கே இருக்கிறது என்று கையுறையோடு தடவிப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி:

நன்றி அண்ணா. அப்படியானால் ட்ராக் யாருக்குத்தான்? இன்னொன்று, காட்டுக்குப் போகிற வழியில் ஒரு ஏரி இருக்கிறது. உறைந்த பிறகு அதன் மேல் போனால் பாதி தூரம் மிச்சம் என்கிறார் கூட வேலை செய்பவர்.

பதில்:

யாரும் மிதிக்காத, இடுப்பளவுப் பனியில் போக வேண்டியவர்களுக்குத்தான் ட்ராக். எடை பரவுவதால் புதையாது. ஆனால் வேகம் குறையும், பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆக்சிலுக்கும் வீல் பேரிங்குக்கும் பாரம் ஏறும், பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில் தோள் கழன்றுவிடும். முதலாளி செலவு செய்யத் தயாராக இருந்தால், அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட், கைப்பிடி உறை, ஹீட்டர் கிரிப் வாங்கித் தரச் சொல்லுங்கள். விரல் மரத்துவிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. பொதுச் சாலையில் ஏடிவி ஓட்டலாமா, காப்பீடு யார் பேரில் என்பதையும் அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏரி விஷயத்தில் கூட இருப்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். தெளிந்த, புதிய பனிக்கட்டி என்றால் நடக்க 10 செ.மீ. கனம், ஏடிவிக்கு 13 முதல் 18 செ.மீ. என்பது பொதுவாகச் சொல்லும் குறைந்த அளவு. அது வெறும் வண்டிக்கு, விறகு ஸ்லெட்டுக்கு இல்லை. வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டிக்குத் தெளிந்ததன் பாதி பலம்தான். ஓடை வந்து சேரும் இடத்தில் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால், பத்தடி தள்ளி அளந்த கனம் அங்கே செல்லாது. மேலே பனி மூடியிருந்தால் அது கம்பளிபோலக் குளிரைத் தடுத்து, அடியில் கட்டி தடிக்க விடாது. கூட வேலை செய்பவர் துளை போட்டு அளந்து காட்டட்டும், அதுவும் வழி நெடுக. அதுவரை சுற்றுப்பாதையிலேயே இழுங்கள்.