“நீங்களே மறைப்பணியாளர்கள்” என்கிறார்கள்: பங்கு இளையோர் அனிமேட்டருக்கு வார நாளில் அது என்ன வேலை?

கேள்வி: சீரியல்_லைட்

வணக்கம். வடசென்னைப் பங்கு ஒன்றில் இளையோர் இயக்கத்துக்கு அனிமேட்டர் (குழுவை வழிநடத்துகிற ஆள்) பொறுப்பு. பட்டியலில் 47 பெயர். ஞாயிறு காலை இரண்டாம் பூசை முடிந்து நடக்கிற கூட்டத்துக்கு வருவது 9 பேர். அந்த 9 பேரும் பாடகர் குழு, இல்லையென்றால் பீடச் சிறுவர்களாக இருந்து வளர்ந்தவர்கள். கூட்டம் இல்லாவிட்டாலும் கோயில் வளாகத்தில்தான் இருப்பார்கள். காசிமேட்டில் வேலை பார்க்கிறவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட் போகிறவர்கள், பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மறைபரப்பு ஞாயிறுக்குக் காணிக்கை, கிறிஸ்துமஸுக்கு கேரல் ரவுண்டு, திருவிழாவுக்கு சீரியல் லைட். எல்லாம் நடக்கிறது. இதில் மறைப்பணி, அதாவது நற்செய்தியை மற்றவர்களிடம் கொண்டுபோகிற வேலை, எங்கே? துண்டுப்பிரசுரம் கொடுக்கிற ஆள் நான் இல்லை. வேலையையும் விட முடியாது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை நிறையக் கேட்டாயிற்று, செய்முறை வேண்டும்.

பதில் 1: காலாடிப்பேட்டை_மணி

தம்பி, கூட்டத்தை ஒரு மாசம் மறந்துடுங்க. பட்டியலை எடுங்க. வராத 38 பேர்தான் உங்க மறைப்பணித் தளம்.

மறைப்பணின்னா கப்பலேறிப் போறதுன்னு இன்னும் பாதிப் பேருக்கு நினைப்பு. 1927-ல சவேரியாரோட சேர்த்து மறைப்பணிகளுக்குப் பாதுகாவலியா திருச்சபை அறிவிச்சது குழந்தை தெரேசாவை. அவங்க எந்த மறைப்பணி நாட்டுக்கும் போகாம, பிரான்ஸ்ல லிசியூ மடத்துக்குள்ளேயே 24 வயசுல இறந்தவங்க. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல எழுதின ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடல்ல 120-ஆம் எண்ணைப் படிங்க. திருமுழுக்கு வாங்கின எல்லாருமே மறைப்பணிச் சீடர்கள், பயிற்சி முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்னு அதுல இருக்கு. கோட்பாடு அவ்வளவு போதும்.

இப்ப வேலை. ஒரு நீள நோட்டு வாங்குங்க. பங்கு அலுவலகத்துல ஃபாதர்கிட்ட கேட்டு குடும்பப் பதிவேட்டைப் பார்த்து, உறுதிபூசுதல் வாங்கி 30 வயசுக்குள்ள இருக்கிறவங்க பேரை அன்பியம் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) அன்பியமா எழுதுங்க. பேர், தெரு, என்ன வேலை, எந்த நேரம் வேலை, எப்ப வீட்ல இருப்பான், அவனுக்கு நெருக்கமான ஆள் யாரு. இவ்வளவுதான். குடிக்கிறான், லவ் ஃபெயிலியர், வீட்ல சண்டை, இதெல்லாம் நோட்டுல ஏறவே கூடாது. நோட்டு ஒருநாள் டீக்கடை பெஞ்சுல மறந்துபோகும், அப்புறம் அந்தத் தெருவுல உங்களுக்கு வேலையே இல்லை.

வாரத்துக்கு 3 பேர். போதும். 38 பேரை முடிக்க மூணு மாசம் ஆகும், ஆகட்டும். தனியாப் போகாதீங்க. லூக்கா 10-ல எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராத்தான் அனுப்பினார். வீட்டுக்குப் போனா பையன் இருக்க மாட்டான், அம்மாதான் இருப்பாங்க. அவங்ககிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. பையன் ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குக் கீழேயோ கேரம் கிளப்லயோ இருப்பான். அங்க போய் நில்லுங்க. முதல் தடவை “ஏன் கோயிலுக்கு வர்றதில்ல?”ன்னு கேட்டீங்கன்னா ரெண்டாவது தடவை உங்களைப் பார்த்ததும் சந்து மாறிடுவான். கேட்க வேண்டியது ஒண்ணுதான்: “எந்த ஷிஃப்ட்? எந்த நாள் லீவு?” முதல் சந்திப்புல எதுக்கும் கூப்பிடாதீங்க. ரெண்டாவதுல ஒரு சின்ன வேலை கேளுங்க, அவனுக்குக் கைவந்த வேலையா. வயரிங் தெரிஞ்சவனுக்கு வயரிங், வண்டி வச்சிருக்கிறவனுக்கு வண்டி. கூட்டத்துக்குக் கூப்பிட்டா விருந்தாளி மாதிரி ஓரமா நிப்பான். வேலை கொடுத்தா உரிமையோட உள்ள வருவான்.

நேரம்தான் உங்க பெரிய தப்பு. காசிமேட்டுல ஞாயிறு விடியக்காலைதான் வியாபாரம் உச்சம். ஏலம் விடுறவன், ஐஸ் உடைக்கிறவன், கூடை தூக்குறவன் யாரும் ஞாயிறு காலைக் கூட்டத்துக்கு வர வழியே இல்லை. ஷிஃப்ட்காரனுக்கு வாரம் மாறினா நேரம் மாறும். அதனால ஒரே கூட்டத்தை ரெண்டு தடவை வைங்க: புதன் ராத்திரி எட்டரை, ஞாயிறு சாயங்காலம் அஞ்சரை. ரெண்டுலயும் அதே வாசகம், அதே பேச்சு. எது தோதோ அதுக்கு வரட்டும்.

இன்னொண்ணு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில. பகல்ல மராமத்து, பெயின்ட், வலை வேலை, சாயங்காலம் ஃப்ரீ. (ஃபைபர் போட்காரங்க அப்பவும் கடலுக்குப் போவாங்க, எல்லாருக்கும் லீவுன்னு நினைச்சுக்காதீங்க.) தூய ஆவிப் பெருவிழா எந்த வருஷமானாலும் மே 10-க்கும் ஜூன் 13-க்கும் நடுவுலதான் வரும், அதாவது முழுக்கத் தடைக்காலத்துக்குள்ள. திருத்தூதர்கள் கதவைத் திறந்துக்கிட்டு வெளியே வந்த நாள். துறைமுகத்துப் பசங்களை முன்ன நிறுத்திச் செய்ய இதைவிடத் தோதான விழா கிடையாது. ஆனா அந்த ரெண்டு மாசம் அவன் கையில காசும் இருக்காது. அப்ப சந்தா கேட்கிறதும், தலைக்கு 600 ரூபாய்க்கு வேளாங்கண்ணி டூர் போடுறதும் அவனை நீங்களே வெளியே தள்ளுறது.

பதில் 2: பார்_தீர்ப்பிடு_செய்

மணி அண்ணன் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் ஆள் வந்த பிறகு ஒன்றரை மணி நேரம் என்ன செய்வது என்பதில்தான் பல பங்குகள் கவிழ்கின்றன. 20 நிமிடம் பாட்டு, 40 நிமிடம் உரை, 10 நிமிடம் அறிவிப்பு, சமோசா. அடுத்த வாரம் சமோசாவுக்கு மட்டும் ஆள் வரும்.

பெல்ஜியத்தில் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் கார்டைன் அடிகளார் பழக்கிய முறை இன்றும் வடசென்னைக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்: பார், தீர்ப்பிடு, செயல்படு. மூன்றும் எல்லாருக்கும் தெரியும், நேரப் பங்கீடுதான் தெரிவதில்லை.

டெலிவரி வேலையை எடுத்துக்கொள்வோம். ‘பார்’ 30 நிமிடம். கருத்து சொல்லக் கூடாது, நடப்பை மட்டும் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு லாகின், ஒரு ஆர்டருக்கு எவ்வளவு, பெட்ரோல் யார் செலவு, வண்டி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது. ஒவ்வொன்றுக்கும் “ஏன்?” என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்கும் ஒரு “ஏன்?” ‘தீர்ப்பிடு’ 25 நிமிடம். மத்தேயு 20-இல் சந்தைவெளியில் வேலையில்லாமல் நிற்கும் ஆட்களின் உவமையை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும், இரண்டு நிமிடம் மௌனம், பிறகு, “கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஏன் முழுக் கூலி?” என்ற ஒரே கேள்வி. விடியற்காலையில் கூலிக்கு ஆள் நிற்கும் முனையைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. ‘செயல்படு’ 20 நிமிடம். மீதி, போன வாரம் எடுத்த செயல் என்னவாயிற்று என்று விசாரிக்க. அந்த விசாரணையைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். கடைசிக்குத் தள்ளினால் நேரம் இருக்காது.

இது கெடும் இடங்கள் எப்போதும் அவையேதான். ‘தீர்ப்பிடு’ வரும்போது அனிமேட்டர் குட்டிப் பிரசங்கியாராகிவிடுவார். மூன்று வாக்கியத்துக்கு மேல் நீங்கள் பேசினால் உங்களை நிறுத்த ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்தது, செயல் மிகப் பெரிதாகிவிடும். ‘போதையில்லா வடசென்னை’ என்று முடிவெடுத்தால் அடுத்த வாரம் யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். வெட்கத்தில் வரவும் மாட்டார்கள். ஒரு வாரத்தில் முடிகிற, ஒருவர் பெயரும் ஒரு கிழமையும் போட்ட செயல் வேண்டும்: “வியாழனுக்குள் டெலிவரிக்குப் போகிற இரண்டு பேரும் இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான அரசுப் பதிவு) போட்டுக்கொள்வது, பதிவுக்கு உடன் போவது இன்னார்.” ‘ஜெபிப்போம்’ என்பதைச் செயல் பட்டியலில் எழுதாதீர்கள். ஜெபிக்க வேண்டும், அது வேறு நேரம்.

எண்ணூர் பக்கத்துப் பங்கு என்றால் கழிமுகத்தையே ‘பார்’க்கு எடுக்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தபோது வலையும் படகும் என்ன ஆயின என்று அங்குள்ள பசங்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கருத்தரங்குக்கும் தெரியாது.

பதில் 3: வியாசை_கோல்கீப்பர்

ரெண்டு பேரும் பேச்சாவே சொல்லிட்டீங்க. பந்து எங்கண்ணா?

சலேசிய சபையைத் தொடங்கின தொன் போஸ்கோ இத்தாலியில டூரின்ல பசங்களைச் சேர்த்தப்ப வீடு, பள்ளி, கோயில், மைதானம் நாலும் ஒண்ணா இருக்கணும்னார். வியாசர்பாடிக்கு சலேசிய சபை வந்தப்பவும் பந்தும் கூடவே வந்துச்சு. தொன் போஸ்கோ சொல்ற விதி ஒண்ணு ரொம்ப முக்கியம்: அனிமேட்டர் விளையாடணும். ஓரமா நின்னு விசில் ஊதுறவன் வாட்ச்மேன்தான். ஆட்டம் நடக்கும்போதே பக்கத்துல ஓடிட்டு, ஒருத்தன் காதுல மட்டும் ஒரு வார்த்தை: “அப்பாவுக்கு இப்ப எப்படிடா இருக்கு?” அவ்வளவுதான் உரை.

அஞ்சுக்கு அஞ்சு, 20 நிமிஷம், வாரம் ரெண்டு நாள். டீமைத் தெருவாரியாப் பிரிக்கவே பிரிக்காதீங்க. தெருன்னா அதுக்குப் பின்னாடி வேற கணக்கெல்லாம் வரும், நான் சொல்லத் தேவையில்லை. பிறந்த மாசம் ஒத்தைப்படை, ரெட்டைப்படைன்னு பிரிச்சா யாரும் வாயைத் திறக்க முடியாது. டோர்னமென்ட் வேண்டவே வேண்டாம். டோர்னமென்ட்னா ஸ்பான்சர், ஜெர்சில யாரோ ஒருத்தர் படம், பரிசுப் பணம், கடைசியில அடிதடி. மைதானம் இல்லன்னா ஒரு கேரம் போர்டு, போரிக் பவுடர், ஒரு பல்பு. 

இந்து, முஸ்லிம் பசங்களும் வருவாங்க. வரட்டும். ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப ஒரு சின்ன ஜெபம், யாரையும் கை கூப்பச் சொல்லாதீங்க, விளையாட்டைத் தூண்டில் ஆக்காதீங்க. திருச்சபை வளர்றது ஆள் பிடிச்சு இல்ல, ஈர்ப்பாலன்னு மணி அண்ணன் சொன்ன அதே மடல்லயே 14-ஆம் எண்ணில இருக்கு.

பதில் 4: ஜெசிந்தா_அக்கா

இதுவரை எழுதினதுல ஒரு பொண்ணு பேருகூட வரல, கவனிச்சீங்களா? 47 பேர்ல பாதி அவங்கதானே.

புதன் ராத்திரி எட்டரைக் கூட்டம் பசங்களுக்குச் சரி. பொண்ணுங்களுக்கு ஏழரைக்குள்ள முடியணும், யார் யார்கூட வீடு திரும்புறாங்கன்னு ஆரம்பத்துலயே பேசி வைக்கணும். வீடு சந்திக்கப் போறப்ப ஜோடியில ஒரு பெண் அனிமேட்டர் கட்டாயம். பெண் அனிமேட்டர் இல்லைன்னா முதல்ல அவங்களைத் தேடுறதுதான் உங்க வேலை.

18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க விஷயத்துல கண்டிப்பா இருங்க. மூடின அறையில தனியாப் பேசக் கூடாது. கதவு திறந்திருக்கணும், பார்வை படுற தூரத்துல இன்னொரு பெரியவர் இருக்கணும். அவங்களுக்குத் தனிப்பட்ட வாட்ஸாப் மெசேஜ் அனுப்பாதீங்க, குரூப்ல மட்டும். குரூப்ல ரெண்டு பெரியவங்களும் ஒரு பெற்றோரும் இருக்கட்டும். ராத்திரி ஒன்பதுக்கு மேல குரூப் தூங்கணும். யாராவது “அண்ணா, ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது”ன்னு ஆரம்பிச்சா சத்தியம் பண்ணாதீங்க. “உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்வேன்”னு முன்னாடியே சொல்லிடுங்க. பாலியல் கொடுமைன்னு தெரிய வந்தா, போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-படி போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும். பங்கு மானம், குடும்ப மானம்னு யார் அமுக்கச் சொன்னாலும் மறைக்கிறது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

மனசு உடைஞ்சு பேசுறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, ஆனா வைத்தியர் ஆகாதீங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். பக்கத்துல உட்கார்ந்து நம்பர் போட்டுக் கொடுங்க. “ஜெபிச்சா சரியாயிடும், மாத்திரையை நிறுத்து”ன்னு யாராவது சொன்னா அந்த ஆளைக் கூட்டத்துக்குள்ளயே விடாதீங்க.

சீரியல்_லைட்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. பட்டியலில் 21 பேர் பெண்கள். இரண்டு சந்தேகம். நானும் ஷிஃப்ட்காரன்தான், வாரத்துக்கு எவ்வளவு நேரம் இதற்கு ஒதுக்கலாம்? அப்புறம், நோட்டுக்குப் பதில் கூகுள் ஷீட் போட்டு எல்லா அனிமேட்டருக்கும் பகிரலாமா?

காலாடிப்பேட்டை_மணி:

வாரம் 6 மணி நேரம். சந்திப்புக்கு 2, ரெண்டு கூட்டத்துக்கு 3, தயாரிப்புக்கு 1. அதுக்கு மேல போனா முதல்ல வீட்ல சண்டை வரும், அப்புறம் நீங்களே காணாமப் போவீங்க. திருவிழா நவநாள்ல இந்தக் கணக்கு நிக்காது, பரவாயில்ல. அடுத்த வாரம் லீவு எடுத்துக்கோங்க.

மைக், கீபோர்டு, காணிக்கைத் தட்டு எதுவும் கையில இல்லாம, கடைசி பெஞ்சுல உட்கார்ந்து வாரத்துக்கு ஒரு பூசை பாருங்க. வேற பங்குலன்னாலும் சரி. காலையில அன்றைய வாசகம், 15 நிமிஷம், ஸ்டேட்டஸ் வைக்காம. மாசத்துக்கு ஒரு பாவசங்கீர்த்தனம். கம்பெனியிலயும் பைபிள் வசனம் ஃபார்வர்டு பண்ண வேண்டாம், ஷிஃப்ட் மாத்தி விடுற ஆள் காத்திருக்கிறப்ப பத்து நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. ஒரு மாசத்துல “நீ எந்தக் கோயில்ப்பா?”ன்னு அவரே கேட்பார்.

பொறுப்பை மூணு வருஷத்துல கொடுத்துடணும். முதல் வருஷமே ரெண்டு பேரைக் கூட்டிட்டு சந்திப்புக்குப் போங்க, ஒரு ஆண், ஒரு பெண். அடுத்த அனிமேட்டர் அவங்கதான்.

ஷீட் வேண்டாம். லிங்க் ஒரு தடவை வெளிய போனா 21 பொண்ணுங்களோட தெருவும், வீட்ல எப்ப இருப்பாங்கங்கிற நேரமும் வெளிய போகுது. நோட்டாவே இருக்கட்டும், ஒரே ஒரு நோட்டு. சந்திப்பு முடிஞ்சதும் பங்கு அலுவலக பீரோவுல வச்சுப் பூட்டுங்க. சாவி ஃபாதர்கிட்ட ஒண்ணு, உங்ககூட வர்ற பெண் அனிமேட்டர்கிட்ட ஒண்ணு.