பழைய பிக்கப்புக்கு ஹெட்லைட் பல்பு எது போடலாம்? அவசரம்

லோடு_ராஜா:
வண்டி ஹெட்லைட் சுத்தமாக மங்கிவிட்டது. ராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றிக்கொண்டு பாலக்காடு போகிற ஆள் நான். எதிரே ஒரு பஸ் வந்தால் அது தாண்டிப் போகும்வரை ரோடு எது, ஓரத்துப் பள்ளம் எது என்றே தெரிவதில்லை. பல்பு புதுசுதான், போன மாதம் மாற்றியது. நல்ல பல்பு எது, எந்த கம்பெனி என்று யாராவது சொல்லுங்கள், நாளைக்கு லோடு இருக்கிறது.

மலைப்பாதை:
என்ன வண்டி அண்ணா? 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? இப்போது என்ன பல்பு இருக்கிறது?

எல்இடி_குமார்:
எந்த வண்டியாக இருந்தால் என்ன, எல்இடி போட்டுவிடுங்கள். 6000 கெல்வின் வெள்ளை. என் ஆம்னியில் போட்டிருக்கிறேன், பட்டப்பகல் மாதிரி இருக்கிறது. இந்த மஞ்சள் பல்பையெல்லாம் இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

லோடு_ராஜா:
பிக்கப் தான். பழைய வண்டி.

கட்அவுட்:
"பிக்கப் தான்." அருமை. டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பீர்களா தம்பி? வண்டி, வருடம், பல்பின் பித்தளை வளையத்தில் எழுதியிருக்கும் வாட், இரண்டு பக்கமும் மங்கலா ஒரு பக்கமா, இதெல்லாம் எழுதினால் பதில் வரும். இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் சொல்வது?

மலைப்பாதை:
ஐயா, அவர் நாளைக்கு வண்டி எடுக்க வேண்டியவர், கொஞ்சம் விடுங்கள். அண்ணா, பின்னால் ரப்பர் மூடியைக் கழற்றி பல்பை எடுத்துப் பாருங்கள். பின்னால் மூன்று முள் இருந்தால் எச்4 ஆகத்தான் இருக்கும், 12 வோல்ட் வண்டிக்கு 60/55 வாட். கண்ணாடியில் விரல் படாமல் துணி வைத்துப் பிடியுங்கள். கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

லோடு_ராஜா:
2008 பொலிரோ பிக்கப், 12 வோல்ட். மூன்று முள் தான். 100/90 என்று போட்டிருக்கிறது, கடையில் அதுதான் வெளிச்சம் என்று கொடுத்தார்கள். இடது பக்கம்தான் ரொம்ப மங்கல். ஹோல்டர் கொஞ்சம் கருகின மாதிரி தெரிகிறது. இதற்கு மேலே வாட் இருக்கிறதா?

மீட்டர்பெட்டி:
மேலே போகவே போகாதீர்கள்! 100 வாட் இரண்டு பல்புக்கு பிரைட்டில் மொத்தம் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 60 வாட்டுக்கு 10 ஆம்பியர் போதும். அத்தனை கரண்டும் டிம்-பிரைட் சுவிட்ச் வழியாக, அந்த மெல்லிய பழைய ஒயரில் வருகிறது. ஹோல்டர் கருகாமல் என்ன செய்யும்? வோல்டேஜ் ஒயரிலேயே விழுந்தால் பல்பு எவ்வளவு பெரியதாக இருந்தும் பலனில்லை. ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், 13.2 வோல்ட்டில் எரிய வேண்டியது 11 வோல்ட்டில் எரிந்தால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும்.

இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் ஒரு ரீடிங், ஹோல்டரில் ஒரு ரீடிங் எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்பின் மேல் தப்பில்லை. இடது பக்கம் மட்டும் மோசம் என்பதால் எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம், அதாவது பல்பிலிருந்து கரண்ட் பாடி வழியாகத் திரும்பிப் போகிற இணைப்பு. மீட்டர் இல்லையென்றால், பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இடது ஹோல்டரின் எர்த் முள்ளில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஆனால் அதுதான்.

சேலம்_சரக்கு:
டூமையும் பாருங்கள், பல்பைச் சுற்றி நின்று வெளிச்சத்தை முன்னால் திருப்பி அடிக்கிற கூடு அது. உள்ளே வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எந்த பல்பு போட்டாலும் வீண். அப்புறம், லோடு ஏற்றிய பிறகு பின்பக்கம் உட்கார்ந்து, லைட் புளியமரத்தைப் பார்க்கும். லோடோடு நிறுத்தி ஒரு சுவரில் அடித்து உயரத்தைச் சரி செய்தால்தான் ரோடு தெரியும். காலி வண்டியில் செட் செய்துவிட்டு ராத்திரி திட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

எல்இடி_குமார்:
இவ்வளவு வேலை எதற்கு? எல்இடி 25, 30 வாட் தான் இழுக்கும். ஒயரும் கருகாது, பெரிய கரண்டைத் தாங்க ரிலே என்று தனி சுவிட்சும் வேண்டாம்.

கட்அவுட்:
கரண்ட் கணக்கு சரி. வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்பதையும் பார். எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறதே, எதிரே வருபவன் கண்ணில் அடிக்காமல் மறைப்பது அதுதான். அந்த இழை இருக்கிற இடத்தை வைத்துத்தான் டூமையே வளைத்திருக்கிறார்கள். உன் சிப் அதே இடத்தில் உட்காராவிட்டால் வெளிச்சம் கண்டபடி சிதறும். உனக்குப் பட்டப்பகல், எதிரே வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

எல்இடி_குமார்:
எல்லாரும்தான் போடுகிறார்கள். புது வண்டியெல்லாம் கம்பெனியிலேயே எல்இடி தானே வருகிறது?

கட்அவுட்:
அதில் டூமே எல்இடிக்கென்று செய்தது. கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, எஃப்சிக்கு, அதாவது வண்டித் தகுதிச் சோதனைக்கு, போகும்போது தெரியும்.

சேலம்_சரக்கு:
எஃப்சிக்குப் போகும்போது பழைய பல்பை மாட்டிக்கொண்டு போவார், யாருக்குத் தெரியாது! முன்னெல்லாம் எதிரே வருபவன் கண் கூசாமல் இருக்க ஹெட்லைட் நடுவில் கருப்புப் பொட்டு ஒட்டுவார்கள். இப்போது ஒரு வண்டியிலும் காணோம்.

எல்இடி_குமார்:
பொட்டு ஒட்டினால் வெளிச்சம் போகுமே சார். அதையும் நீங்களே சொல்லுங்கள்.

மலைப்பாதை:
பனிமூட்டத்தில் வெள்ளை ஆகவே ஆகாது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது பாருங்கள், முன்னால் வெள்ளைச் சுவர் கட்டின மாதிரி இருக்கும். நீலக் கண்ணாடி ஹாலஜனும் வேண்டாம். அந்த நீலப் பூச்சே பாதையில் விழ வேண்டிய வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

எல்இடி_குமார்:
அவர் கொடைக்கானலா போகிறார்? பாலக்காடு!

மீட்டர்பெட்டி:
ராஜா அண்ணன் எங்கே? மீட்டர் வைத்தீர்களா? ரிலே போடுவதாக இருந்தால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து நேராக ஒயர், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃப்யூஸ். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். கருகிய ஹோல்டரையும் மாற்றிவிடுங்கள், பீங்கான் ஹோல்டர் கிடைக்கும்.

லோடு_ராஜா:
எர்த் தான். பாடியில் போல்ட் போட்ட இடம் முழுக்கத் துரு, தேய்த்து வேறு ஒயர் போட்டாச்சு. 60/55 மாட்டியிருக்கிறேன், போதும். ரிலே அப்புறம். நன்றி.

மீட்டர்பெட்டி:
ரீடிங் என்ன வந்தது அண்ணா?

கட்அவுட்:
வர மாட்டார். வேலை முடிந்தது.

காய்க்கடை_சிவா:
எனக்கும் இதே பிரச்சினை, லைட் மங்கல். எந்த பல்பு போடலாம்?

கட்அவுட்:
என்ன வண்டி?