தங்கச்சி போகிற லண்டன் ஆங்கிலிக்கன் கோயிலில் தூபம், மணி எல்லாம் உண்டு. மாதக் காணிக்கைப் படிவம் கொடுத்திருக்கிறார்கள், கொடுக்கலாமா?

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், இப்போது இருப்பது பாளையங்கோட்டை. தங்கச்சி லண்டனில் நர்ஸ். போன புதிதில் ஒரு தமிழ் ஐக்கியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள், ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சர்ச் ஆஃப் இங்கிலாந்து (ஆங்கிலிக்கன்) கோயிலுக்குப் போகிறாள். போன ஞாயிறு ஆராதனையை வீடியோ காலில் காட்டினாள். தூபம் போடுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், ஓரத்தில் மாதா சுரூபம், அதற்கு முன்னால் மெழுகுதிரி வரிசை. பக்கத்தில் இருந்து பார்த்த அம்மா, "இது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில்லா, எவன் ஏமாத்தி இவளக் கூட்டிட்டுப் போனான்" என்று அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. ஆங்கிலோ கத்தோலிக்கம் என்று ஒரு வகை உண்டாம், சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்கு உள்ளேதானாம், அவள் சொல்கிறாள்.

இப்போது விஷயம் பணம். மாதாமாதம் பாங்கிலிருந்து காணிக்கை எடுத்துக்கொள்ள ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு என்று அவர்கள் சொல்லவில்லை, நீயே போட்டுக்கொள் என்கிறார்கள். எனக்குப் புரியாதது, ராஜாவே தலைவராக இருக்கிற சபை, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா, நம்ம பிள்ளை எதற்கு அங்கே கொடுக்க வேண்டும்? அம்மா கட்சி என்னவென்றால் அந்தப் பணத்தை ஊர்க் கோயிலுக்குச் சங்கமாக (சபைச் சந்தாவாக) கட்டட்டும் என்பது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவள் இந்த வாரம் பதில் சொல்ல வேண்டுமாம்.

தேம்ஸ்கரை நெல்லையான்:
தம்பி, நான் இங்கே இதே மாதிரி ஒரு கோயிலில் கமிட்டியில் இருக்கிறேன், பொருளாளருக்கு உதவி. அதனால் நேராகவே சொல்கிறேன். அரசாங்கம் ஐயர் (குருவானவர்) சம்பளத்துக்குச் சல்லிக்காசு தருவதில்லை. இங்கிலாந்தில் எல்லாருக்கும் இந்தத் தப்பு எண்ணம் உண்டு, வெள்ளைக்காரர்களுக்கே உண்டு. சர்ச் கமிஷனர்ஸ் என்று ஒரு பெரிய நிதி இருக்கிறது, ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல், அது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் 1998-க்கு முந்திய ஊழியக் காலத்துக்கான குருமார் பென்ஷன், பிஷப்மார் செலவு, கதீட்ரல்கள், ஏழ்மையான டயோசிஸ்களுக்கு (ஒரு பிஷப்பின் கீழ் வரும் சபை வட்டாரங்கள்) உதவி என்று போகிறது. தெருமுனைக் கோயிலின் கூரை ஒழுகினால் கமிஷனர்ஸ் வந்து ஓடு மாற்ற மாட்டார்கள். அது சபையார் தலையில்தான்.

அப்புறம் ஒவ்வொரு கோயிலும் டயோசிசுக்குப் பங்கு கட்ட வேண்டும், லண்டனில் அதைக் காமன் ஃபண்ட் என்பார்கள். நம்ம சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் இருக்கிற சபைகள்) திருமண்டலத்துக்குக் கட்டுவது மாதிரிதான். குருவானவர் சம்பளம், வீடு, பென்ஷன், புது ஆட்களின் இறையியல் படிப்பு எல்லாம் அந்தத் தொகையில். பெரும்பாலான கோயில்களில் ஆண்டுச் செலவில் மிகப் பெரிய ஒற்றைத் தொகை இதுதான். மீதி கேஸ், கரண்ட், இன்ஷூரன்ஸ், ஆர்கன் ரிப்பேர். ஆங்கிலோ கத்தோலிக்கக் கோயில் என்றால் தூபமும் அங்கியும்தான் பணத்தைத் தின்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். சாம்பிராணி ஒரு பெட்டி எத்தனையோ வாரம் வரும். பழைய அங்கிகளை யாரோ பாட்டிமார் தைத்துத் தைத்தே ஓட்டுகிறார்கள். எங்களைக் கொல்வது குளிர்காலத்துக் கேஸ் பில்.

எவ்வளவு கொடுப்பது என்றால், கையில் வரும் சம்பளத்தில் 5 சதவீதம் சபைக்கு, அதே அளவு மற்ற தர்மங்களுக்கு என்று இந்தச் சபையின் ஜெனரல் சினாட் (சபையின் உச்ச மன்றம்) ஒரு இலக்கு வைத்திருக்கிறது. இலக்குதான், வசூல் இல்லை. யாரும் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். உண்மையில் பலர் அதற்கு எவ்வளவோ கீழேதான் கொடுக்கிறார்கள்.

அவளுக்குக் கொடுத்த படிவம் அநேகமாகப் பாரிஷ் கிவிங் ஸ்கீம். டைரக்ட் டெபிட்டில், அதாவது பாங்க் கணக்கிலிருந்து தானாகப் போகும், விலைவாசி ஏறுவதற்கு ஏற்ப வருஷா வருஷம் கூட்டிக்கொள்ளலாமா என்று ஒரு கட்டம் இருக்கும், விருப்பம் இருந்தால் டிக் பண்ணலாம், பேர் வெளியே தெரியாமலும் கொடுக்கலாம். கிஃப்ட் எய்ட் கட்டத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். வருமான வரி கட்டுகிறவள் 20 பவுண்டு கொடுத்தால் கோயில் அரசாங்கத்திடம் இன்னும் 5 பவுண்டு வாங்கிக்கொள்ளும், அவளுக்குக் கூடுதல் செலவு ஒன்றும் கிடையாது. ராஜா கஜானாவிலிருந்து கோயிலுக்கு வழக்கமாக வருகிற காசு என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்லலாம்!

மஸ்கோத் பிரியன்:
முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆர்.சி. இல்லை. 1833-ல் ஆக்ஸ்போர்டில் கீபில், பியூசி, நியூமன் இவர்களெல்லாம் தொடங்கின இயக்கம், திருச்சபை அரசாங்கத்தின் ஒரு இலாகா இல்லை, அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருகிறது என்பதுதான் வாதம். நியூமன் பிற்பாடு ரோமுக்கே போய்விட்டார், மற்ற இருவரும் போகவில்லை. தூபமும் மெழுகுதிரியும் அதற்கு அப்புறம் வந்தவை. அதற்காகவே 1874-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டு, ஆர்தர் டூத் என்கிற குருவானவரை 1877-ல் ஜெயிலில் வைத்தார்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, இதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோயிலில் பெஞ்சுக்கு வாடகை. பணக்காரக் குடும்பம் முன் பெஞ்சைப் பிடித்துக் கதவு போட்டுக்கொள்ளும், ஏழை பின்னால் நிற்க வேண்டியதுதான். அந்த வாடகையில்தான் பல கோயில்களின் செலவே நடந்தது. இதை எதிர்த்தவர்களில் ஆங்கிலோ கத்தோலிக்கர் முன்வரிசையில் நின்றார்கள். இருக்கை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் வாருங்கள், செலவுக்கு வாராவாரம் பீடத்தில் காணிக்கை வையுங்கள் என்றார்கள். லண்டன் துறைமுகச் சேரியில் லோடர் என்கிற குரு கட்டின செயிண்ட் பீட்டர்ஸ் கோயில் 1866-ல் பிரதிஷ்டை ஆனது, அதே வருஷம் அங்கே காலரா. வாடகை கொடுக்க அந்த ஜனங்களிடம் என்ன இருந்தது? ஆகவே உங்கள் தங்கச்சி கையில் இருக்கிற படிவத்துக்கு வயது அதிகம். பெஞ்சு வாடகை ஒழிந்த இடத்தில் வந்த ஏற்பாடு அது, அவள் எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம் என்பதற்கு அவள் கொடுக்கிற காசும் ஒரு காரணம்.

நம்ம பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. நாசரேத், முதலூர், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. ஊர்கள், மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வந்த ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள். எஸ்.பி.ஜி. முழு ஆங்கிலோ கத்தோலிக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் பீடம், சடங்கு, பிஷப் என்றால் சி.எம்.எஸ்.காரர்களை விட அழுத்தம். 1877-ல் கல்கத்தாவில் ஒரே நாளில் கால்டுவெல்லை எஸ்.பி.ஜி. பக்கத்துக்கும் சார்ஜென்டை சி.எம்.எஸ். பக்கத்துக்கும் துணை பிஷப்மாராக அபிஷேகம் பண்ணினார்கள் என்றால் பிரிவு எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது அதை இங்கிலாந்தில் பலமாக எதிர்த்தவர்கள் இதே ஆங்கிலோ கத்தோலிக்கர்கள்தான், மெதடிஸ்டுகளையும் காங்கிரகேஷனல்காரர்களையும் சேர்த்துக்கொண்ட சபையோடு எங்களுக்கு என்ன உறவு என்று. அப்படி எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் கோயிலில் இன்று நாசரேத்துப் பிள்ளை நற்கருணை எடுக்கிறாள், காணிக்கையும் கேட்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்புதான், கோபம் இல்லை.

ஒன்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சில ஆங்கிலோ கத்தோலிக்கக் கோயில்கள் பெண் குருமாரை ஏற்பதில்லை என்று தீர்மானம் போட்டு, தனி பிஷப்பின் கீழ் இருக்கும், லண்டனில் அது ஃபுல்ஹாம் பிஷப். வேறு பல கோயில்கள் அதே தூபத்தோடு பெண் குருமாரையும் வைத்திருக்கின்றன. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

கணக்குப்பிள்ளை:
சரி, எல்லாரும் லண்டன் பக்கம் பேசுகிறீர்கள், அம்மா சொன்ன ஊர்க் கோயில் பக்கத்தை நான் சொல்கிறேன். தங்கச்சி கையில் இருப்பது எந்தப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கவலை இல்லை, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பாங்க் வழியாக, தன் பேரில் இருக்கிற என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் இங்கே வைத்துக்கொள்கிற பாங்க் கணக்குகள்) அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கணக்கில் வராது. நாளைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு, ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினர்) அட்டை இருந்தாலும் அவள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். அப்போது எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். "கமிட்டிக்காரர் கணக்குக்கு ஜி பே பண்ணும்மா, நாங்க ரசீது போட்டுக்குறோம்" என்று எவனாவது சொன்னால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இந்தப் பக்கம் வரிச்சலுகையை நம்பியும் கணக்குப் போட வேண்டாம், ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்குக் கொடுக்கிறதற்கு 80ஜி என்று சொல்கிற நன்கொடை வரிக்கழிவு பொதுவாகக் கிடையாது.

இன்னொன்று, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் காணிக்கை குறைச்சல் இல்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம், கடையில் அஞ்சு ரூபாய், ரெண்டு குடும்பத்துக்கு ரோஷம் வந்துவிட்டால் ஆயிரத்தைத் தாண்டும், எடுத்தவர் அதை மறுபடி கோயிலுக்கே கொடுத்து இன்னொரு ஏலம் விடுவார்கள். கொடுக்கத் தெரிந்த ஜனம். கணக்குக் கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள். நான் முன்னால் இருந்த சேகரத்தில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டேன், அடுத்த தேர்தலில் என் பேரே பட்டியலில் இல்லை, சங்கம் பாக்கி என்றார்கள், ரசீதை எடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் ரசீது இல்லாமல் நான் ஒன்றும் கொடுப்பதில்லை.

தேம்ஸ்கரை நெல்லையான்:
கணக்கு பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். இங்கே ஒவ்வொரு வருஷமும் மே 31-க்குள் சபையாரின் ஆண்டுக் கூட்டம் நடத்தியே ஆக வேண்டும், கணக்கை வெளியாள் ஒருவர் பார்த்து, அச்சடித்து முன்வைக்க வேண்டும். எலக்டோரல் ரோல் என்கிற பட்டியலில் அவள் பேர் கொடுத்தால் அந்தக் கூட்டத்தில் ஓட்டும் உண்டு. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தப் பாரிஷில் (கோயிலின் எல்லைக்குள்) குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதமாக அங்கே ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் சேர்ந்ததுதான், ஆகவே சிக்கல் இல்லை. முக்கியமாக, காணிக்கை கொடுத்தால்தான் ஓட்டு என்கிற பேச்சே இங்கே கிடையாது. அதை உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நம்பமாட்டார்கள்.

சமாதானபுரத்து அக்கா:
எல்லாரும் சதவீதம் சொல்லிவிட்டீர்கள், அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் மகளும் நர்ஸ்தான், வெளியே போனவள். போக வாங்கின கடன், அங்கே வாடகை, ஊருக்கு அனுப்புகிறது, எல்லாம் போக முதல் வருஷம் கையில் ஒன்றும் நிற்காது. பத்துப் பவுண்டில் தொடங்கட்டும், கடன் அடைந்தபின் கூட்டட்டும். டைரக்ட் டெபிட்டை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், குறைக்கலாம், அதில் வெட்கம் இல்லை என்று அவளுக்குச் சொல்லுங்கள். நம்ம பிள்ளைகள் கோயில் என்றால் குறைக்கக் கூச்சப்படும்.

எங்கள் ஆச்சி சோற்றுக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுவரோரம் இருக்கிற சின்னப் பானையில் போடுவாள். சோறு குறைகிற நாளிலும் போடுவாள், ஆனால் அன்றைக்குப் பிடி சின்னதாக இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை மூட்டை கட்டி உபதேசியாரிடம் கொடுப்பாள். 1903-ல் பிற்பாடு பிஷப் ஆன அசரியாவும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டையில் ஐ.எம்.எஸ். (இந்திய மிஷனரி சங்கம்) தொடங்கினபோது வெளிநாட்டுக் காசு வேண்டாம், நம்ம காசு, நம்ம ஆட்கள் என்றார்களே, அது இந்த மாதிரிப் பிடியரிசி எடுத்த பெண்களை நம்பித்தான்.

தேரிக்காட்டானே, அம்மாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். சங்கத்தை நீயும் அம்மாவும் இங்கே இருந்து கட்டுங்கள், அது உங்கள் கடமை. அவள் எந்தக் கோயிலில் வாராவாரம் நற்கருணை எடுக்கிறாளோ, குளிரில் ஷிப்ட் முடிந்து போய் உட்கார எந்தக் கதவு திறந்திருக்கிறதோ, அதன் கரண்டு பில்லில் அவளுக்கும் பங்கு உண்டு.

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி தங்கச்சியிடம் பேசினேன். இந்தியப் பாஸ்போர்ட்தான், அதனால் கிறிஸ்துமஸுக்கு ஊர்க் கோயிலுக்கு ஒரு தொகை தன் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து அனுப்புகிறாள், ரசீது என் பேரில் இல்லை, அவள் பேரிலேயே வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அங்கே 15 பவுண்டு, கிஃப்ட் எய்டோடு. குருவானவர் ஆணா பெண்ணா என்று கேட்டேன், ரெண்டு பேரும் இருக்கிறார்களாம்.

அம்மா பாதி சமாதானம். ஆனால் நவம்பரில் மரித்தோர் பட்டியல் எழுதி வாங்குகிறார்களாம், ஆராதனையில் அந்தப் பேர்களை வாசிப்பார்களாம், அப்பா பேரைக் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். "செத்தவங்களுக்கு ஜெபம் பண்ற வழக்கம் நமக்கு இல்லை" என்று அம்மா சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, அதற்குத் தனியாகக் காசு கேட்பார்களா என்று என்னிடம் கேட்டார்கள்.

தேம்ஸ்கரை நெல்லையான்:
எங்கள் கோயிலில் கட்டணம் கிடையாது. பட்டியல் தாள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கும், பேரை எழுதினால் போதும், விரும்பினால் உண்டியலில் ஏதாவது போடலாம். அவர்கள் கோயிலிலும் அப்படித்தானா என்று வாசலில் கேட்டுக்கொள்ளட்டும். அப்பா பேரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், நம்ம பேர்களை வாசிப்பதற்குள் இவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.