ஸ்விஃப்டுக்கு லோயரிங் ஸ்பிரிங்: 25 மி.மீ.யா, 40 மி.மீ.யா? காரிமங்கலம் - ஓசூர் தினசரி ஓட்டம்

காரிமங்கலம் ஸ்விஃப்ட்:

வணக்கம். என் கார் 2018 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இப்போது 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டயர் கம்பெனி அளவுதான், 165/80 ஆர்14. வாரத்தில் ஆறு நாள் காரிமங்கலத்திலிருந்து ஓசூர் சிப்காட் வரை போய் வருகிறேன், வண்டியில் நான் மட்டும்தான். ஞாயிறு ஆனால் குடும்பத்தோடு போச்சம்பள்ளி பக்கம் மாமனார் ஊர்.

பிரச்சினை இரண்டு. ஒன்று, வண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது, டயருக்கும் ஃபென்டருக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகிறது. இரண்டாவது, நான்கு வழிச்சாலையில் 90-க்கு மேல் லேன் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அப்புறம்தான் அடங்குகிறது. போன மாதம் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் பிடிக்க, நான் விலக்கி எடுத்தபோது பின்பக்கம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா இனி சேலத்துக்குப் பஸ்தான் என்று சொல்லிவிட்டார்.

லோயரிங் ஸ்பிரிங், அதாவது வண்டியின் உயரத்தைக் குறைக்கிற ஸ்பிரிங், போட்டால் இரண்டும் தீரும் என்கிறார்கள். 25 மி.மீ. இறங்குகிற செட்டும் 40 மி.மீ. இறங்குகிற செட்டும் கிடைக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. போடுவது போடுகிறோம், 40 போட்டுவிடலாமா? ஊரில் ஒருவர் புது ஸ்பிரிங்கே எதற்கு, இருப்பதில் ஒரு சுற்று வெட்டிவிடலாம், 1,500 ரூபாயோடு முடிந்தது என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர் பழைய ஆள்:

தம்பி, வெட்டுகிற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் வெட்டியவன், அதனால் சொல்கிறேன். பழைய வண்டி ஒன்றில் நாலு ஸ்பிரிங்கையும் கேஸ் கட்டரில் ஒரு சுற்று எடுத்தார்கள், பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் கே.ஆர்.பி. அணை ரோட்டில் பின் சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கி ஏறியதும் டங்கென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் ஸ்பிரிங் அதன் இருக்கையை விட்டு நகர்ந்து கோணலாக நிற்கிறது. கட்டையாகிப் போன ஸ்பிரிங்கை, சக்கரம் கீழே தொங்கும்போது பிடித்து வைக்க எதுவுமே இல்லை, அதுதான் காரணம். வீடு வரை 20-ல் உருட்டிக்கொண்டு வந்தேன், பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று. ஸ்பிரிங் சுற்றைக் குறைத்தால் உயரம் மட்டும் குறைவதில்லை, விறைப்பும் கூடும். வேலை செய்கிற சுற்று ஆறில் ஒன்றை எடுத்தால் 20 சதவீதம் விறைப்பு ஏறிவிடும். கட்டரின் சூட்டில் அந்த இடத்து எஃகின் பதமும் போய்விடும். 1,500 ரூபாய்க்கு இதெல்லாம் சேர்த்துத்தான் வருகிறது.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

ப்ரோ 40 போடுங்க, கண்ணை மூடிக்கொண்டு போடுங்க. நான் இரண்டு வருடமாக 40-ல்தான் ஓசூர் - பெங்களூர் ஓட்டுகிறேன். வளைவில் ரயில் மாதிரி போகும், லுக் வேற லெவல்.

பர்கூர் பழைய ஆள்:

வண்டியில் எத்தனை பேர் போவீர்கள்?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

நான் மட்டும்தான் அண்ணா. ஊருக்கு அப்பாவின் வண்டியில் போய்விடுவேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற சேம்பர் கார்டு இரண்டு முறை உரசி நெளிந்தது உண்மைதான், மறைக்கவில்லை.

கிருஷ்ணகிரி பட்டறை:

20 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் தம்பி சொன்ன இரண்டாவது பிரச்சினையைத் திரும்பப் படியுங்கள். சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அப்புறம் அடங்குகிறது. ஒரு தரம் சாய்வது ஸ்பிரிங்கின் கணக்கு. சாய்ந்தது அடங்காமல் திரும்பத் திரும்ப ஆடுவது ஷாக் அப்சார்பரின் கணக்கு. ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக்தான் ஆட்டத்தை நிறுத்தும். 78,000 கி.மீ. ஓடிய வண்டியில் ஷாக் கம்பெனியில் வந்ததே என்றால் என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். அந்த அசந்த ஷாக்கின் மேல் விறைப்பான லோயரிங் ஸ்பிரிங்கைப் போட்டால் ஆட்டம் இன்னும் மோசமாகும், ஏனென்றால் விறைப்பு கூடக் கூட ஸ்பிரிங் திரும்ப உதைக்கும் வேகத்தைப் பிடித்து நிறுத்த அதிக பலம் வேண்டும், அது இல்லாத ஷாக்கிடம் நீங்கள் அதைக் கேட்கிறீர்கள்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பலமாக அமுக்கி விடுங்கள், மேலே வந்து ஒரே மூச்சில் நிற்க வேண்டும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள், அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் ஷாக் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். காற்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி இருக்கட்டும்.

அடுத்து, எவ்வளவு இறக்க இடம் இருக்கிறது என்பதை அளந்து பார்க்காமல் ஸ்பிரிங் வாங்கவே கூடாது. முன் ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணின், ரப்பர் உறையை மேலே தூக்கினால் பளபளவென்று ராடு தெரியும், அதற்கு மேலே, ஷாக் முழுக்க அமுங்கி இடிக்காமல் தாங்குகிற பஃபர் ரப்பர் இருக்கும். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக் உடம்பின் மேல் விளிம்பிலிருந்து அந்த ரப்பர் வரை எத்தனை மி.மீ. என்று அளங்கள். பிறகு ராடின் அடியில், உடம்பை ஒட்டி ஒரு கேபிள் டையை லேசாகக் கட்டிவிட்டு உங்கள் வழக்கமான ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு ராடு உள்ளே போய் வந்திருக்கிறது. பின்பக்கத்துக்கு சக்கர நடுவிலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை, காலியாக ஒரு முறை, ஆள் ஏற்றி ஒரு முறை. இந்த அளவுகளோடு வாருங்கள், மீதியைப் பேசலாம்.

பாலக்கோடு தக்காளி லோடு:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. வேகத்தடையை அளந்து பாருங்கள். சாலைத் தரம் வகுக்கிற இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் தரப்படி ஒரு வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, 2,450 மி.மீ. இரண்டு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும் என்பதால் நடு வயிற்றுக்குக் கீழே எழும்புவது சுமார் 44 மி.மீ.தான். அந்தத் தரத்தில் போட்டால் 40 இறக்கிய வண்டியும் பூப்போலப் போகும். நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஜனங்களே சிமென்ட் கலந்து அரை மணி நேரத்தில் போடுவது இரண்டடி அகலம்கூட இருக்காது. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறுவதற்கு முன் முழு உயரமும் வயிற்றில் இடிக்கும்.

ராயக்கோட்டை வாசகன்:

சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங் உயரம் ஆர்.சி.யில் இல்லையே என்று வாதம் செய்யலாம்தான். அந்த வாதத்தை விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் செய்து பாருங்கள். ஜெர்மன் ஸ்பிரிங்கோடு வரும் அந்த நாட்டு டியூவி சோதனைச் சான்றிதழ் இங்கே அனுமதி ஆகாது.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

பயமுறுத்தாதீங்க சார்.

காரிமங்கலம் ஸ்விஃப்ட்:

அளந்துவிட்டேன். முன்பக்கம் ராடில் ரப்பர் வரை இருந்தது 31 மி.மீ. கேபிள் டை கட்டிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய் வந்தேன், டை ரப்பரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதாவது இறக்காமலேயே ரப்பரைத் தொடுகிறது. பின்பக்கம் காலியாக 380 மி.மீ., மூன்று பேரைப் பின் சீட்டில் உட்கார வைத்து டிக்கியில் மாமனார் தோட்டத்துச் செந்தூரா மாம்பழம் இரண்டு கிரேட் வைத்து அளந்தால் 325. 55 இறங்கிவிட்டது. போச்சம்பள்ளி வழியில் இருக்கிற வேகத்தடை 120 மி.மீ. உயரம், அகலம் இரண்டடிக்கும் குறைவு, ஸ்கேலோடு ரோட்டில் குந்தியிருந்தவனைப் பார்த்து ஹைவேஸ் ஆபீஸரா என்று ஒரு பாட்டி விசாரித்தார்கள். முழு லோடில் இப்போதே அதில் மயிரிழையில்தான் தப்புகிறது.

அமுக்கிப் பார்த்ததில் முன் இரண்டும் பரவாயில்லை, பின் இரண்டும் படகு. பின் இடது ஷாக்கில் எண்ணெய்.

கிருஷ்ணகிரி பட்டறை:

தம்பி, பதில் உங்கள் அளவிலேயே இருக்கிறது. 31 மி.மீ. இடைவெளியில் 40 இறக்கினால் வண்டி நிற்கும்போதே ரப்பரின் மேல் 9 மி.மீ. உட்கார்ந்திருக்கும். அப்புறம் உங்களைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லை, அந்த ரப்பர்தான். வளைவில் ரயில் மாதிரி என்று ஓசூர் தம்பி சொன்னாரே, அந்த விறைப்பில் பாதி ரப்பருடையது. நல்ல ரோட்டில் சரி, வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். 25 போட்டால் 6 மி.மீ. மிச்சம், அதற்கும் ரப்பரைக் கட்டையாக்கி, நீளம் குறைந்த ஷாக் போட வேண்டும். அப்படிச் செய்தாலும் போச்சம்பள்ளி வேகத்தடை உங்களுக்காகக் குறையப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். அதிகம் இறக்கினால், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். அப்போது வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடையின் மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூடச் சாய்க்கும் நெம்பு கூடும். சாயக்கூடாது என்று இறக்கி, சாய்வதற்கே வழி செய்து, அதைச் சமாளிக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேடுவது என்று போய்க்கொண்டே இருக்கும். கேம்பரும் (சக்கரம் நிற்கும் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) மாறும், முன்பக்க டோவை அலைன்மென்டில் சரி செய்யலாம், பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக இணைக்கிற டார்ஷன் பீம், அங்கே திருகுவதற்கு ஒன்றும் இல்லை.

என் யோசனை: நாலு ஷாக்கும் கம்பெனி அளவிலேயே புதிது, முன் ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கிற மவுண்டும், ஸ்டியரிங்கோடு அது திரும்ப உதவுகிற பேரிங்கும் சேர்த்து. லுக்குக்கு, மேல் மாடலான இசட்எக்ஸ்ஐயில் வரும் 15 இன்ச் சக்கரமும் 185/65 டயரும். வெளி விட்டம் கிட்டத்தட்ட அதேதான், 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. டயரின் பக்கச்சுவர் 132-லிருந்து 120 ஆகும், திருப்பும்போது டயரே மடங்குவது குறையும். சக்கரம் பெரிதாகத் தெரிவதால் இடைவெளி கண்ணை உறுத்தாது.

அதற்கப்புறமும் ஆசை அடங்காவிட்டால் 25 வாங்குங்கள், ஆனால் 2018 மாடல், பெட்ரோல் என்று பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். டீசல் எஞ்சின் எடை அதிகம், அதற்குச் செய்த முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோலுக்குப் போட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். முந்தைய தலைமுறை ஸ்விஃப்டின் செட்டை இதற்கும் ஆகும் என்று தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். யார் போட்டாலும் ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்துத்தான் கழற்ற வேண்டும். கயிறு கட்டிக் கழற்றுகிற ஆள் இருந்தால் அந்தப் பட்டறையில் நிற்காதீர்கள், அந்த ஸ்பிரிங் விட்டால் மண்டையைப் பிளந்துவிடும்.

பாலக்கோடு தக்காளி லோடு:

15 இன்ச் செட் பழையது வாங்கினால் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்து வாங்குங்கள், வளைந்ததை பெயிண்ட் அடித்து விற்கிறார்கள்.

காரிமங்கலம் ஸ்விஃப்ட்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நாலு ஷாக், முன் மவுண்ட், லேபர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆனது. லேன் மாற்றினால் ஒரு சாய்வு, அதோடு சரி. நேற்று தொப்பூர் இறக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாக இரண்டு முறை இடமும் வலமும் எடுத்துப் பார்த்தேன், வீட்டுக்காரம்மா போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை, வண்டி வேட்டியை இறக்கிக் கட்டவில்லை, பரவாயில்லை.

ஒரே ஒரு குறை. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் வலது பக்கம் டொய்ங் என்று கம்பி மீட்டுகிற மாதிரி ஒரு சத்தம், கூடவே ஸ்டியரிங்கில் ஒரு சின்ன உதறல்.

கிருஷ்ணகிரி பட்டறை:

ஸ்பிரிங் சுற்றிக்கொண்டு விடுபடுகிற சத்தம் அது. மவுண்ட் புதிது என்றீர்கள், பேரிங்கும் புதிதா? ஒருவர் உள்ளே உட்கார்ந்து திருப்பட்டும், நீங்கள் வலது ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். சீராகத் திரும்பாமல் பிடித்துப் பிடித்து விட்டால் பேரிங்தான்.

காரிமங்கலம் ஸ்விஃப்ட்:

பிடித்துப் பிடித்துத்தான் விடுகிறது. பில்லை எடுத்துப் பார்த்தேன் அண்ணா, மவுண்ட் இரண்டு என்று இருக்கிறது, பேரிங் என்று ஒரு வரியே இல்லை. திங்கட்கிழமை வண்டியை விடுகிறேன்.