நம்ம வீட்டு ஆளுங்க (வாட்ஸ்அப் குழு)

அருண்: சித்தப்பா அவசரம்! ராத்திரி 12க்குள்ள ப்ரோக்ராம் அனுப்பணும். 0.1ஐ பத்து தடவை கூட்டினா 1 வரணும்ல? 0.9999999999999999னு வருது. லேப்டாப் போச்சா?

பெரியம்மா: புது லேப்டாப்பா போச்சு??

அருண்: இல்ல பெரியம்மா, கணக்குதான்

குமார் சித்தப்பா: லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. பொறுமையா படி. கம்ப்யூட்டர் எல்லா எண்ணையும் 0, 1 மட்டும் வெச்சு எழுதும், அதான் பைனரி. முழு எண்ணை பைனரி ஆக்க 2ஆல வகுத்துக்கிட்டே போய் மீதியைக் குறிச்சுக்கணும். 156ஐ எடுத்துக்கோ. 156க்கு மீதி 0, 78க்கு 0, 39க்கு 1, 19க்கு 1, 9க்கு 1, 4க்கு 0, 2க்கு 0, 1க்கு 1. கடைசிலேருந்து வாசி, 10011100. திரும்ப மாத்தணும்னா வலதுலேருந்து 1, 2, 4, 8னு இரட்டிக்கிற இடமதிப்புல, 1 இருக்கிற இடத்தோடதை மட்டும் கூட்டு: 128+16+8+4.

மீனா அத்தை: ஆரம்பிச்சாச்சு 🙏

அருண்: அதுக்கு நான் எழுதற பைத்தான் மொழில bin()னு ஃபங்ஷனே இருக்கு சித்தப்பா. புள்ளி வந்தாதான் உதைக்குது

குமார் சித்தப்பா: அங்கதான் வரேன். புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறதை வகுக்காதே, 2ஆல பெருக்கு. முழு எண் வந்தா 1, வராட்டி 0. மிச்சத்தை மறுபடி பெருக்கு. 0.1 → 0.2 → 0.4 → 0.8 → 1.6. மிச்சம் 0.6, அது 1.2 ஆகும். மிச்சம் 0.2. பாத்தியா, பழைய 0.2க்கே வந்து நிக்குது! 0.000110011னு 0011 ஓடிக்கிட்டே இருக்கும், முடியவே முடியாது.

பெரியப்பா: 1/3ஐ 0.333னு எழுதுற மாதிரி

குமார் சித்தப்பா: ஆமாண்ணா அதேதான்

பெரியப்பா: வீடு பிரிச்ச கணக்குலயும் கடைசில ஒரு துண்டு நின்னுச்சு

பெரியம்மா: அது இப்ப எதுக்குங்க

மீனா அத்தை: ஞாயித்துக்கிழமை யார் யார் வரீங்க? நேத்துலேருந்து கேக்கறேன்

திவ்யா: நான் வரேன் அத்தை

குமார் சித்தப்பா: அருண் கவனி. மெஷின் 0.1ஐ 64 பிட்ல, அதாவது 64 0/1 இடத்துல அடைக்கணும். குறிக்கு (+ அல்லது -) 1, 2ஓட அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. அதுல கொள்ளாததை ரவுண்ட் பண்ணிடும். உள்ள நிக்கிறது 0.1000000000000000055... ஆனா 0.5, 0.25, 0.125 எல்லாம் துல்லியமா உக்காரும்.

மீனா அத்தை: இத்தனூண்டு வித்தியாசத்துக்கா இவ்ளோ பேச்சு

குமார் சித்தப்பா: அப்படி விடாதே மீனா. 1991 வளைகுடாப் போர்ல எதிரி ஏவுகணையைச் சுட்டு வீழ்த்துற அமெரிக்காவோட பேட்ரியாட் ஏவுகணைக் கம்ப்யூட்டர் நேரத்தைச் செகண்ட்ல பத்துல ஒரு பங்கா எண்ணிச்சு. 0.1ஐ 24 பிட்ல வெட்டி வெச்சிருந்தாங்க. 100 மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல 0.34 செகண்ட் பிசகிடுச்சு. இராக்லேருந்து வந்த ஸ்கட் ஏவுகணையைத் தப்பான இடத்துல தேடிச்சு. சவூதில 28 அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க.

பெரியம்மா: ஐயோ பாவம்

திவ்யா: அருண், பைத்தான்ல பத்தடிமானத்துலயே கணக்கு போடற டெசிமல் மாட்யூல் போடு. 0.1ஐ கொட்டேஷன் போட்டு ஸ்ட்ரிங்கா (எழுத்தா) குடு. வெறும் 0.1 குடுத்தா அந்தப் பழைய 55ம் சேந்து வரும்

குமார் சித்தப்பா: எதுக்கு மாட்யூல்? பத்தால பெருக்கி முழு எண்ணாவே கூட்டச் சொல்லு. காட்டும்போது மட்டும் புள்ளி வெச்சா போதும்.

திவ்யா: நாளைக்கு 0.01 வந்தா சித்தப்பா?

குமார் சித்தப்பா: நூறால பெருக்கு

பெரியப்பா: திவ்யா சொல்றது சரி

குமார் சித்தப்பா: எப்பவும் அவ பக்கம்தான்

அருண்: எதைப் போட???

குமார் சித்தப்பா: எதைப் போட்டாலும் சரி, ஃப்ளோட்டை (இப்படிப் புள்ளி வெச்சு 64 பிட்ல நிக்கிற எண்ணை) மட்டும் சமமான்னு == வெச்சு ஒப்பிடாதே.

அருண்: மாட்யூல் போடலாமான்னு கொஸ்டின்ல பாத்துட்டு சொல்றேன்

மீனா அத்தை: ஞாயித்துக்கிழமை???

பெரியம்மா: அவரைக் கேட்டுச் சொல்றேன் மீனா