வண்டி மாட்டின் கழுத்துப் புண்: வலியை அளக்க உதவி தேவை

வணக்கம். கால்நடை மருத்துவ மேற்படிப்புக்காக, நுகத்தடி உரசி மாடுகளின் கழுத்தில் வரும் அழற்சியை ஆய்வு செய்கிறேன். வீங்கிய தோலில் அழுத்தமானியின் முனையை மெல்ல அழுத்தி, மாடு விலகும் நொடியில் விசை எத்தனை நியூட்டன் என்று குறிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற மாடு, நிஜமாகவே வலிக்கும்போது சில நேரம் கல்லாக நிற்கிறது! சிலிர்ப்பை விட்டுவிட்டு, தலை திருப்புவதையும் நகர்வதையும் மட்டும் கணக்கில் எடுக்கலாமா? அழற்சியின் சூட்டைச் சிவப்பாகக் காட்டும் வெப்பப் படக்கருவியிலோ, வெயிலில் நின்ற மாட்டுக்குக் கழுத்து முழுக்கச் சிவப்புதான். நிழலில் எவ்வளவு நேரம் கட்டிவைத்துப் படமெடுக்கிறீர்கள்? அனுபவமுள்ள மருத்துவர்கள் சொல்லுங்கள். அப்புறம், வண்டி மாடு வைத்திருக்கும் அண்ணன்மாரே, திமிலுக்கு முன்னால் தோல் தடித்த மாடு இருந்தால் தெரிவியுங்கள். ஊசி, கத்தி கிடையாது. புண்ணுக்கு மருந்தும் போட்டுவிடுகிறேன்.